மேரு சித்தப்பாவின் இரைச்சலில்லாத ரேடியோ

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
14-11-1999

அன்பு மகன் பாலனுக்கு,

அப்பா கன்னையா ஆசீர்வதித்து எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம். லண்டன் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இங்கே எனக்கு வயிறு எரிகிறது. டாக்டரிடம் காட்டுகிற எரிச்சல் இல்லை.

உன்னோடு லண்டனில் இருக்கிற விஜயன், மேரு ஊரில் இருக்கும் தன் அப்பாவுக்கு, அதாவது என் சகலை தம்புசாமிக்கு, தீபாவளிக்கு டிஜிட்டல் ரேடியோ அனுப்பிவிட்டான். இத்தனை வருஷமாகக் குடும்பத்தில் நல்ல ரேடியோ என்றால் நம் வீட்டு ரேடியோதான். பெருநாள் வந்தால் நாற்காலி போதாமல் பாய் விரிப்போம். இந்த வருஷம் நம் முறுக்கை ஈகூடச் சீண்டவில்லை. சொந்தமெல்லாம் மேருவுக்குப் போய்விட்டது. உன் அம்மா முதல் ஆளாகப் பஸ் ஏறினாள். அவளைக் கூட்டிவரத்தான் நானும் போனேன், ரேடியோவைப் பார்க்க அல்ல.

அங்கே உன் சித்தப்பா பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "அண்ணே, பேசுறத எல்லாம் நம்பரா மாத்திக் காத்துல விடுவாங்க. இந்தப் பெட்டி அத வாங்கி மறுபடி பேச்சா ஆக்கிடும். உங்க ரேடியோ மாதிரி கரகரன்னு இழுக்காது லா." ஆக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் பெட்டி வாயே திறக்கவில்லை. ஏரியல் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டுமாம். அதைக் கூரையில் கட்ட ஏணியில் ஏறி, "இப்ப எப்படி இருக்கு?" என்று கத்தினார். உன் சித்தி தங்கமணி கீழேயிருந்து, "ஒரு இரைச்சல் இல்லீங்க, அவ்ளோ கிளியரா இருக்கு" என்றாள். வடை தின்ற வாய்களெல்லாம் "ஆமா, ஆமா" என்றன. உன் அம்மா கண்ணை மூடித் தலையை வேறு ஆட்டினாள். ஆட்டுவதற்கு அதில் பாட்டா ஓடியது?

எனக்குப் பொறுக்கவில்லை. டிஜிட்டலில் அரைகுறையாகக் கேட்கிற பேச்சே இல்லை, அலை கிடைத்தால் சுத்தமாகக் கேட்கும், கிடைக்காவிட்டால் சுத்தமாக ஊமை என்று நீ போனில் சொன்னாயே, அதை அப்படியே எடுத்துவிட்டேன். "சகலை, அந்த மாதிரி அனுப்புற ஸ்டேஷன் இருந்தாத்தான் இது பேசும். இங்க இன்னும் வரல லா. சும்மா இருக்கிற பெட்டிக்கு எங்கேர்ந்து இரைச்சல் வரும்?"

உன் சித்தப்பா மெதுவாக இறங்கி வந்தார். "ஊமையோ செவிடோ அண்ணே, எம்மவன் அனுப்பிச்சான். உங்க பாலன் என்ன அனுப்பிச்சான்?"

பாதி வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வரும் பஸ்ஸில் உன் அம்மா என்னை விட்டு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். எனக்குப் பொறாமையாம். பேசாத ரேடியோவைப் பார்த்து யாருக்காவது பொறாமை வருமா, நீயே சொல். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. படிக்கப் போனவன் படி. ஊரார் மெச்சுவதற்காக இந்தக் கண்ராவிக்கெல்லாம் காசைக் கொட்டாதே. நம் பழைய ரேடியோ கரகரத்தாலும் தமிழ் பேசுகிறது. எனக்கு அது போதும்.

வேளைக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. பத்துமலை முருகன் உன் பக்கத்திலேயே இருப்பான். விஜயனைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

அப்பா,
கன்னையா

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படித்துப் பார்த்துவிட்டு உன் அம்மா கோயிலுக்குப் போய்விட்டாள். அதே ரேடியோவில் கொஞ்சம் பெரியதாக ஒன்று அனுப்பு. பேச வேண்டும் என்றில்லை. பார்சல் பெட்டியின் மேல் என் பெயரை மட்டும் நீயே கையால் எழுது. தம்புசாமிக்கு வந்த பார்சலில் பெயரைக் கடைக்காரன்தான் டைப் அடித்திருந்தான்; நான் பார்த்துவிட்டேன்.