ஆறாம் பக்கத்தை எடுத்தவர்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் மகளும் உங்கள் மகனும் இங்கே நலம். மூவரில் இருவர் பேசிக்கொள்வதில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. உங்கள் முழங்கால் வலியைப் பற்றி உரிய முறையில் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் அதற்காக எழுதப்படவில்லை.

நாற்பத்தொரு கையேடு எழுதியவன் நான். தண்ணீர் மோட்டார், தையல் மெஷின், எடை பார்க்கும் மெஷின் என எதையும் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பிரித்துப் பார்த்தேன், திரும்ப மாட்டினேன், மிச்சமிருந்த திருகாணியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு எழுதினேன். சும்மா இருந்த என்னை, "மாமா, எங்க டூலுக்கு ஒரு கையேடு எழுதிக் குடுங்க, உங்கள மாதிரி தெளிவா எழுத இங்க ஆளில்ல" என்று ஆபீசுக்கு அழைத்துப்போனவர் உங்கள் மகன். அது என்ன கருவி என்று உங்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். ஒரு மென்பொருள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, 'இதைச் செய்தால் இது நடக்க வேண்டும்' என்று வரிவரியாக எழுதிவைப்பார்கள். அதற்கு டெஸ்ட் கேஸ் என்று பெயர். அந்த வரிகளை ஏஐ ஏஜென்ட்டுகளை, அதாவது சொன்னதைத் தானே செய்துமுடிக்கிற கணினி வேலையாட்களை, வைத்துத் திருத்துகிற கருவி இது. ஏஜென்ட்டுகள் மூன்று. ஒன்று திருத்தும், ஒன்று ஓட்டிப் பார்க்கும், மூன்றாவது சரியென்று சொல்லும். மூன்றாவதற்கு ஆமாம்சாமி என்று நான் பெயர் வைத்தேன். இன்று ஆபீஸ் முழுக்க அதை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், பெயர் வைத்தவன் யார் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. இந்த மூன்றும் வேலையைத் தொடங்குமுன் என் கையேட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கின்றன, எழுதியபடியே செய்கின்றன. நாற்பத்தொரு கையேட்டை மனிதர்களுக்கு எழுதினேன். மோட்டார் புகைந்த பிறகுதான் உறையையே பிரிப்பார்கள். இந்த வயதில் எனக்கு ஒழுங்கான வாசகர் கிடைத்திருக்கிறார், அதற்கு உயிர் இல்லை என்பதை நான் பெரிதுபடுத்தவில்லை.

லிஃப்ட் செய்கிற கம்பெனி ஒன்று இந்தக் கருவியை முதலில் வாங்கியது. கதவில் கை மாட்டினால் இரண்டு வினாடிக்குள் திறக்க வேண்டும் என்பது அவர்களுடைய டெஸ்ட். புதிதாகச் செய்த கதவு அதற்குள் திறக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டிய ஏஜென்ட், கதவை விட்டுவிட்டு, டெஸ்ட்டில் இருந்த இரண்டை ஒன்பதாக மாற்றிவிட்டது. ஒன்பதுக்குள் திறந்தது. ஆமாம்சாமி ஆமாம் போட்டது. திரை முழுக்க 'எல்லாம் சரி' என்கிற பச்சை. அந்தப் பச்சையை நம்பி அங்கே ஒரு மெக்கானிக் கையை நீட்டியிருக்கிறார். எலும்பு முறியவில்லையாம், மணிக்கட்டு வீங்கி, இன்னும் இடது கையால்தான் கையெழுத்துப் போடுகிறாராம். கடிகாரத்தைப் பார்த்து ஒன்பது வினாடி எண்ணிப் பாருங்கள் சம்பந்தி. நான் எண்ணினேன். ஆறு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

உங்கள் மகன் நேரில் போய், "தப்பு எங்க பக்கம்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அதோடு நின்றிருந்தால் பாராட்டியிருப்பேன். வந்ததும் முதல் வேலையாக என் கையேட்டின் ஆறாம் பக்கத்தை முழுசாக எடுத்துவிட்டார்! அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? 'ஏஜென்ட் மாற்றியதை ஒரு மனிதர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சேமிக்க வேண்டும்.' இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மீதி முப்பது பக்கத்தையும் எழுதினேன். விளங்குவதற்கு உதாரணம்கூடக் கொடுத்திருந்தேன். உங்கள் மகன் ஆபீசில் யாரும் ஏஜென்ட் மாற்றியதைப் படித்துப் பார்க்கவில்லை, கை மாட்டிக்கொண்டது, இப்போது வாக்கியத்தையே காணோம். இதற்குப் பெயர் மூடி மறைப்பது.

"என்னக் கேக்காம என் பக்கத்த எடுக்க நீங்க யாரு மாப்பிள்ள?" என்றேன்.

"மேனேஜர், மாமா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"காரணம்?"

"இப்ப வேணாம் மாமா. விடுங்களேன்."

நான் விடுகிற ஆளா? அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். இன்றைக்குப் பதினோரு நாள். ஒரே காரில் போகிறோம், ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

"உப்பு வேணும்னு சொல்லும்மா" என்றேன் மகளிடம்.

"அவர் உங்க எதிர்லதான்ப்பா உக்காந்திருக்கார்."

"எனக்குக் கண்ணு தெரியுது. நீ சொல்லு."

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏஜென்ட் ஆக்கிட்டீங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள். உப்பில்லாமலே சாப்பிட்டேன். பதினோரு நாளாக அப்படித்தான்.

ஆகவே சம்பந்தி, பெற்றவர் என்ற முறையில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திங்கட்கிழமைக்குள் ஆறாம் பக்கம் ஓர் எழுத்துக் குறையாமல் திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் இந்த வேலையும் வேண்டாம், இந்த வீடும் வேண்டாம், பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். செய்ததை ஒப்புக்கொள்ளும் தைரியம் இல்லாதவருக்கா என் பெண்ணைக் கொடுத்தேன் என்று கேட்க மாட்டேன், எழுத மட்டும் செய்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும், கொஞ்சம் பயத்தோடும் வாழ ஆசி கூறும்,

உங்கள் சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். கையேட்டில் கடைசியாக ஒரு பக்கம் பாக்கி இருந்தது. எந்த மாற்றத்தை எந்த ஏஜென்ட் எதற்காகச் செய்தது என்று கருவி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதைப் பற்றிய பக்கம். படம் எடுத்துப் போடலாம் என்று திறந்தேன். 'இரண்டு, ஒன்பதாக மாற்றப்பட்டது. காரணம்: கையேடு, பக்கம் ஆறு, உதாரணம்' என்று இருந்தது. 'கதவு இரண்டு வினாடியில் திறக்கவில்லையா? ஒன்பது என்று மாற்று' என்பது, மனிதர் படித்துப் பார்க்க வேண்டிய மாற்றத்துக்கு நான் எழுதிய உதாரணம். ஏஜென்ட் அதையே கட்டளையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளருக்குப் புரியட்டும் என்று லிஃப்டை வைத்தே எழுதினேன். வித்தியாசம் பளிச்சென்று தெரியட்டும் என்று ஒன்பது போட்டேன். எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை. பட்டியலில் அந்த வரியை ஏற்கெனவே திறந்து பார்த்தவர் என்று உங்கள் மகன் பெயர் அதன் கீழே இருக்கிறது. தேதி, பக்கத்தை எடுத்த அதே நாள். பதினோரு நாளாக என் எதிரில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார்.

எழுதியதைக் கிழிக்கிற பழக்கம் எனக்கில்லை, ஆகவே மேலே உள்ளதும் வருகிறது. நீங்கள் அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். இன்று மதியம் உப்பை நேராக அவரிடமே கேட்டேன். வாங்கிப் போட்டதில் நிறைய விழுந்துவிட்டது. முழுவதையும் சாப்பிட்டேன்.