டீக்கனின் கட்டைவிரல்

"இது காலா, பலாப்பழமா? பூட்சுக்குள்ள எப்பிடிப் போவும்?" என்றாள் மனைவி ஞானபாய்.

"போவும். போயாகணும். நீ தள்ளுட்டி!" என்று பல்லைக் கடித்தார் ரசலையன்.

கருங்கல் சந்தையில் கருப்பட்டி வியாபாரம், சபையில் பாதிரியாருக்கு அடுத்தபடியாக டீக்கன் பதவி, கல்யாண வயதில் லீலாபாய் என்று ஒரு மகள், விட்டுப்போகாத பழைய நீரிழிவு. இத்தனையும் போதாதென்று முந்தாநாள் விடியும்போது வலதுகால் கட்டைவிரல் சிவந்து புடைத்துவிட்டது. ஈ உட்கார்ந்தாலும் உயிர் போயிற்று.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "இது வாதமாக்கும். ரத்தத்துல யூரிக் அமிலம்னு ஒண்ணு உண்டு. கூடிப்போனா உப்பு மாதிரி உறைஞ்சு மூட்டுல போய் இருந்துக்கிடும். நீரிழிவுக்காரங்க ரொம்ப கவனமா இருக்கணும். சாளை மீன், ஈரல், இறைச்சி எதுவும் கூடாது. காலை உயரத்துல வச்சுப் படுத்துக் கெடயும்."

படுத்துக் கிடக்கலாம்தான். ஆனால் இன்று உச்சிவேளைக்கு மணவாளக்குறிச்சியிலிருந்து லீலாபாயைப் பெண் பார்க்க வருகிறார்கள். கால் வீங்கினால் அந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான்: யானைக்கால். யூரிக் அமிலம் என்றால் யார் நம்புவார்கள்? அடுத்த வீட்டு ராகேலின் சம்பந்தம் அப்படித்தான் கலைந்தது. அவள் அம்மாவின் காலில் தேள் கொட்டியிருந்தது, பாவம், அவ்வளவுதான்.

ஞானபாய் தேங்காயெண்ணெய் தடவி ஒரு தள்ளுத் தள்ளினாள். கால் உள்ளே போயிற்று. ரசலையனின் உயிர் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தது.

"வைத்தியரு தந்த அரிஷ்டத்த எடு!"

"ஒரு அவுன்சுதான் குடிக்கணும்னு சொன்னாரு. வெல்லம் வேற கெடக்கு. ஒங்களுக்கு நீரிழிவுல்லா?"

"மாப்பிள்ள வீட்டுக்காரன் போன பொறவு நீரிழிவப் பாக்கலாம். கொண்டா!"

வெறும் வயிற்றில் பாதிக் குப்பி அரிஷ்டம் புளித்த நெடியோடு நெஞ்சைச் சுட்டுக்கொண்டு இறங்கியது. வலி கொஞ்சம் அடங்கிற்று. கூடவே தரையும் கொஞ்சம் அசைந்தது.

வாசலில் வில்வண்டி நின்றது. மாப்பிள்ளையின் அப்பா தங்கையன் இறங்கினார். பின்னாலேயே தாய்மாமன் செல்வதாஸ். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், வரவில்லை.

"வாங்க, வாங்க!" என்று எட்டு வைத்த ரசலையனின் கட்டைவிரல் வாசற்படியில் இடித்தது. அப்படியே போய்ச் செல்வதாஸின் கழுத்தில் விழுந்தார். விழுந்தது தெரியக்கூடாதே என்று இறுகக் கட்டிக்கொண்டார்.

"ஒங்களக் கண்டதுல எனக்கு அவ்வளவு சந்தோசமாக்கும்!"

செல்வதாஸின் மூக்கு ஒருமுறை சுருங்கி விரிந்தது. குனிந்து காலைப் பார்த்துவிடுவானோ என்று ரசலையனுக்குப் பதறியது. பார்வை கீழே போகாமலிருக்க, முகத்தோடு முகம் வைத்துக் கருப்பட்டி விலை பேசினார். செல்வதாஸ் பின்னால் நகர நகர இவரும் விடவில்லை.

இலை போட்டார்கள். சாளைக்கறியும் ஆட்டு ஈரலும் மணத்தன. ரசலையனுக்கு நாக்கில் நீர் ஊறியது. டாக்டரை நினைத்து விழுங்கிக்கொண்டார்.

"நீங்க உக்காரல்லியா?" என்றார் தங்கையன்.

"எனக்கு இப்பம் சோறு எறங்காது, கேட்டியளா. நீங்க தின்னுங்க."

தங்கையனும் செல்வதாஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரசலையன் தூணோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் தங்கையன், "டீக்கன் ஐயா, ஒரு ஜெபம் பண்ணும்" என்றார். டீக்கன் எழும்பாமல் ஜெபம் ஏது? தூணைப் பிடித்து எழும்பினார். பூட்சுக்குள் யாரோ கொல்லன் உலை போட்டது போலிருந்தது.

"ஆண்டவரே... ஆ... ஐயோ ஆண்டவரே!"

கண்ணீர் தாரைதாரையாக வந்தது. அதை மறைக்கச் சிரித்தார். சிரிப்பு அளவுக்கு மீறி நீண்டுவிட்டது. ஆமென் சொல்லுமுன் பொத்தென்று உட்கார்ந்தார்.

லீலாபாய் கருப்பட்டிக் காப்பி கொண்டு வைத்தாள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு இருவரும் முற்றத்துக்குப் போய்க் குசுகுசுத்தார்கள். இடையிடையே திரும்பி ரசலையனைப் பார்த்தார்கள்.

"போச்சு, ஞானபாய். பூட்சக் கழத்தச் சொல்லப் போறான். நம்ம பிள்ளைக்க வாழ்வு என் காலாலே போச்சு" என்று அவர் முணுமுணுத்தார். பெற்ற மகளுக்குத் தானே தடையாகிவிட்டோமே என்று உண்மையிலேயே அழுகை வந்தது.

தங்கையன் உள்ளே வந்து கையைப் பிடித்தார். "எங்களுக்குப் பூரண சம்மதம், சம்மந்தி. வாற ஞாயிற்றுக்கிழமையே கோயில்ல சபைக்கு முன்னால கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிரும்."

ரசலையனுக்கு வலியே மறந்துவிட்டது. வண்டிவரைக்கும் நடந்தே போய் வழியனுப்பினார்.

வண்டியில் ஏறப்போன செல்வதாஸ் திரும்பி வந்து, அவர் தோளில் கைபோட்டுக் காதோரம் சொன்னான்:

"அத்தான், டீக்கன் வீட்டுப் பெண்ணுன்னு கேட்டதும் பயந்துதான் வந்தோம். நம்ம பய சாயங்காலம் கள்ளு உள்ள போகாம உறங்கமாட்டான். மாமனாரு உச்சைக்கே தொடங்குத ஆளுன்னு கண்ட பொறவுதான் மனசுக்கு ஒரு சமாதானம்!"