துப்பிவிட்டால் விரதம் கெடாது

சிங்காநல்லூருக்குப் போவதில்லை. செத்தாலும் போவதில்லை. செத்துப்போனால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்று ஒரு கணம் யோசித்து, அப்போதும் போவதில்லை என்று கருணாகரன் முடிவு செய்தார்.

சிங்காநல்லூர்மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை. அங்கே அவருடைய மச்சினன் மயில்சாமி கிரைண்டர் கடை வைத்திருந்தார், அவ்வளவுதான். "மலையில இன்னும் என்ன மாப்ள இருக்குது? கீழ வந்துருங்க. கடை வாசல்ல உக்காந்து, வர்றவங்களுக்கு மாவாட்டிக் காட்டுனாப் போதும்" என்று வாரம் தவறாமல் போன் வரும்.

மாவாட்டிக் காட்டுவதா! குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் நைட் ஷிப்ட் டீ மேக்கர் அவர். யாரிடமும் படிக்காமல் தானாகவே கற்றுக்கொண்டவர். ஒரு வாய் உறிஞ்சினால் போதும், இலை எந்தச் சரிவில் பறித்தது, பறித்த அன்றைக்கு மழையா வெயிலா, பறித்த அம்மாவுக்குச் சளி பிடித்திருந்ததா என்பதுவரை சொல்லுவார்.

ஆனால் டீக்குத்தான் காலம் சரியில்லை. பச்சை இலைக்கு விலை போகவில்லை. பறிகூலிக்கே கட்டாது என்று தோட்டக்காரர்கள் விட்டுவிட, இடுப்பளவு நிற்க வேண்டிய செடி மரமாகிக்கொண்டிருந்தது. ஃபேக்டரி வாரத்தில் மூன்று ராத்திரிதான் ஓடியது. மற்ற நாலு ராத்திரியும் கருணாகரன் குவார்ட்டர்ஸில் விழித்துக் கிடப்பார். இலை வாட்டுகிற ஃபேன்களின் இரைச்சல் இல்லாத ராத்திரி அவருக்கு ராத்திரியாகவே தெரியவில்லை. அந்த நிசப்தத்தில் சிங்காநல்லூரில் கிரைண்டர் சுற்றுவது மட்டும் தெளிவாகக் கேட்டது. விடிந்ததும் தூங்கிப்போவார்.

மனைவி தங்கமணி கெடு வைத்துவிட்டாள். "புரட்டாசி முடியறவரைக்கும் பாப்பேனுங்க. அதுக்குள்ள வேற வழி வரலைன்னா அண்ணனுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

வழி, நாலு கால்களில் வந்தது.

ரிட்டையரான ஜெஸிந்தா டீச்சர் குன்னூரில் நாய்களுக்கு விடுதி நடத்தி வந்தார். வில்லா வைத்திருக்கும் வெளியூர்க்காரர்கள் ஊருக்குப் போகும்போது நாயை இவரிடம் விட்டுப் போவார்கள். பதினாலு நாய். அத்தனைக்கும் பச்சைக்கறிதான் சாப்பாடு. கறி, ஈரல், எலும்பு எல்லாவற்றையும் அரைத்து, உறையவைத்து, பாக்கெட்டில் கம்பெனிக்காரர்கள் அனுப்புவார்கள். போன மாசம் வந்த சரக்கில் ஏதோ கோளாறு. பதினாலும் வரிசையாகப் படுத்துவிட்டன.

ஃபேக்டரிக்கு டீத்தூள் வாங்க வந்த டீச்சர், கருணாகரனிடம் புலம்பினார். "மூணு கம்பெனி சாம்பிள் அனுப்பியிருக்காங்க கருணாகரன். எதை வாங்கறதுன்னு தெரியல. இனிமே ஒவ்வொரு லோடையும் தரம் பார்த்துச் சொல்ல சம்பளத்துக்கு ஒரு ஆள் வேணும். நீங்க டீக்குச் சொல்றீங்களே, அந்த மாதிரி."

கருணாகரன் நெஞ்சை நிமிர்த்தினார். "தரம்னா எல்லாம் தரம்தாங்க டீச்சர். டீயா இருந்தா என்ன, தீனியா இருந்தா என்ன? ஞாயித்துக்கிழமை ரிப்போர்ட்டோட வர்றேன்."

டீச்சர் மூன்று பாக்கெட்டையும் பெட்டியோடு கொடுத்தார். வீட்டை நெருங்கிய பிறகுதான் கருணாகரனுக்கு ஞாபகம் வந்தது. புரட்டாசி.

தங்கமணி வீட்டில் புரட்டாசி மாசம் முட்டைகூட வாசற்படி தாண்டாது. போன வருஷம் கோழி ஒன்று தானாக நடந்து உள்ளே வந்ததற்கே வீட்டைக் கழுவிவிட்டாள். இப்போது மூன்று பாக்கெட் அரைத்த கறி. அதுவும் ஃப்ரிட்ஜில்!

அவள் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து வேலையை முடித்தார். நாய் சிரிக்கிற படம் போட்ட கவர்களை உரித்தார். செங்கல்போல் உறைந்திருந்த சரக்கை மூன்று ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் ஒட்டினார். கவர்களைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். பெட்டியை மடித்து அதன்மேலேயே வைத்தார். சாமர்த்தியம் என்றால் அதுதான் என்று தோன்றியது.

தங்கமணி வந்து ஃப்ரீசரைத் திறந்தாள்.

"ஏனுங்க, இதென்னங்க டப்பா?"

"டீ சாம்பிள்."

"டீத்தூள எந்த ஊர்லீங்க ஐஸ்ல வெக்கறாங்க?"

"புது முறை. குளுருக்குள்ள வெச்சா மணம் வெளிய போகாது. ஜப்பான்ல எல்லாம் இப்பிடித்தான்."

"அப்பிடீங்ளா" என்றாள் தங்கமணி.

பகலில் விழித்திருந்து குடும்பம் நடத்திய எந்தப் புருஷனும் அந்த 'அப்பிடீங்ளா'வுக்கு நடுங்கியிருப்பான். கருணாகரன் இருபத்திரண்டு வருஷமாகப் பகலில் தூங்கியவர். போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

சாயங்காலம் எழுந்து பார்த்தால், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் குமாரசாமியின் நாய் ஜிம்மி வாசலில் உட்கார்ந்திருந்தது. கண் ஃப்ரிட்ஜ் பக்கம். நாக்கு தரையில்.

"டீத்தூள் வாசத்துக்கு எச்ச ஊத்தற நாய இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

"மலை நாய்" என்றார் கருணாகரன்.

"ஆமாங்க. மலை நாய்க்கு டீன்னா உசுரு."

மறுநாள் ஜிம்மியைக் காணோம். அதற்கு மறுநாளும் காணோம். சலித்துப் போயிருக்கும், நாய்க்கு என்ன தெரியும் என்று கருணாகரன் விட்டுவிட்டார்.

மூன்றாம் சனிக்கிழமை காலை. ஃபேக்டரி ஓடவில்லை, ருசி பார்க்கும் அறையில் ஆள் இருக்காது. டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். தங்கமணி நெற்றியில் நாமத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"இன்னைக்கு வெரதமுங்க. மத்தியானம் சாமி கும்புட்டுத்தான் சாப்பாடு. வெளிய எதையும் வாயில வெச்சறாதீங்க."

"நானா? சேச்சே!"

அறையில் மூன்று வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்தார். கரண்டியால் அளந்து போட்டார். டீக்குச் செய்வதுபோலவே கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மூடி, ஐந்து நிமிஷம் காத்திருந்தார். அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வழிதான். கறிக்கடைப் பக்கம் அவர் வாழ்நாளில் போனதில்லை. கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் தூக்கம். கறியோடு அவருக்குப் பழக்கம் குழம்பில் ஆன பிறகுதான்.

மூடியைத் திறந்தார். ஆஹா, என்ன நிறம்! இருபத்திரண்டு வருஷத்தில் எந்த டீயும் கொடுக்காத சிவப்பு.

நிறம் பார்த்தாயிற்று. மணம் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது ருசி.

கருணாகரன் தயங்கினார். மலைக்குக் கீழே காரமடை ரங்கநாதர் இருக்கும் திசையைப் பார்த்தார். புரட்டாசி. மூன்றாம் சனி. பச்சைக்கறி. பிறகு சிங்காநல்லூர் இருக்கும் திசையையும் பார்த்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே திசை.

டீயை ருசி பார்ப்பவன் குடிப்பதில்லையே, உறிஞ்சித் துப்பத்தானே செய்கிறான்? விழுங்கினால்தான் சாப்பாடு. துப்பிவிட்டால் விரதம் கெடாது. சாஸ்திரத்தில் இருக்கிறதோ இல்லையோ, இருந்திருக்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு, 'கோவிந்தா' என்று சொல்லி, ஸ்ஸ்ஸர்ர் என்று உறிஞ்சினார். துப்பினார். மூன்று கிண்ணம், மூன்று கோவிந்தா. நோட்டை எடுத்து இரண்டு பக்கம் எழுதினார்.

மத்தியானம் இலை போட்டாள் தங்கமணி. சர்க்கரைப் பொங்கல், வடை, பொரியல். அவள் "கோவிந்தா" என்று சொல்லும்போதெல்லாம் கருணாகரன் வடையைப் பிட்டுப் பிட்டு இலையிலேயே வைத்தார். சாமி படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏனுங்க, மொகம் செத்துக் கெடக்குது?"

"தலைவலி."

"பொரியலாவது இன்னும் கொஞ்சம் வெச்சுக்கங்க. பீட்ரூட்டு. நெறையாத் துருவி வெச்சுட்டனுங்க."

அது மட்டும் இறங்கியது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் வீட்டுக்குப் போனார். வராந்தாவில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில், மடியில் ஒரு பெரிய நாயின் தலையை வைத்துத் தடவியபடி, தங்கமணி.

கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவள். கருணாகரனுக்குக் கால் வராந்தாவிலும் உயிர் பஸ் ஸ்டாண்டிலும் நின்றன.

"வாங்க கருணாகரன். உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். ரிப்போர்ட்டை வாசிங்க" என்றார் டீச்சர்.

"இல்லீங்க டீச்சர்... இவ இங்க..."

"வாசிங்க, நானும் கேக்கறேன்" என்றாள் தங்கமணி.

வேறு வழியில்லை. நோட்டைப் பிரித்தார். வாசிக்க வாசிக்க அவருக்கே தைரியம் வந்தது. "மூன்றுக்கும் கொதிக்கிற தண்ணீர், ஐந்து நிமிஷம். சாம்பிள் ஒன்று. நிறம் மங்கல். கிழட்டு ஆடு. சாம்பிள் இரண்டு. பரவாயில்லை, ஈரல் அதிகம். சாம்பிள் மூன்று. அபாரம். புதுச் செம்பு போன்ற நிறம். நல்ல மண்வாசனை, திறந்த மேய்ச்சலில் வளர்ந்த இளம் ஆடு. முடிவில் மெல்லிய இனிப்பு. எலும்புத் துகள் வெள்ளையாக, பல்லுக்கு இதம்."

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பல்லுக்கு இதம்னா, வாயில வெச்சீங்ளா?" என்றாள் தங்கமணி.

கருணாகரன் உடைந்துபோனார். "தப்புத்தான் தங்கம். சாமி குத்தந்தான். ஆனா துப்பிட்டேன். சத்தியமா மூணையும் துப்பிட்டேன்."

"மூணும் பீட்ரூட்டுங்க."

"என்னது?"

"பீட்ரூட்டு. ஊறவெச்ச சோயா உருண்டை ரெண்டு புடி. எலும்புக்குத் தேங்காச் சில்லு. ஒரே பாத்தரத்துல பெசஞ்சு மூணு டப்பாவுலயும் போட்டு வெச்சேன். மிச்சந்தான் நேத்துப் பொரியல். புரட்டாசியில என்ற ஊட்டுக்குள்ள கறிய உடுவேனுங்ளா? நாய் படம் போட்ட கவரு குப்பைக்கூடையில சிரிச்சுட்டுக் கெடந்துது. பொட்டியில டீச்சர் நம்பர் இருந்துது. நீங்க தூங்குனீங்க. நான் பஸ் ஏறி, சரக்க இங்கயே கொண்டாந்து குடுத்துட்டேன்."

பீட்ரூட்! கருணாகரனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ கண்ணீர். ஒரு ராத்திரி முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருந்த ரங்கநாதர் எழுந்து காரமடைக்குத் திரும்பிப் போனார். விரதம் கெடவில்லை. அப்பாடா!

"சுடுதண்ணி வேற ஊத்தியிருக்கீங்களே?" என்றார் டீச்சர். "நிஜச் சரக்கா இருந்து, அதை நாய்க்கு வெச்சிருந்தா என்ன ஆகும்? வெந்த எலும்பு குத்தும் கருணாகரன். பச்சையாக் குடுக்கறதே அதுக்குத்தானே. உங்க வீட்டம்மா எப்படிப் பார்த்தாங்க தெரியுமா?"

தங்கமணி நாயைத் தடவியபடியே சொன்னாள். "இதுல என்னங்க இருக்குது? ஒரு பாக்கெட்டுல உள்ளுக்குள்ள பொடிப்பொடியா ஐஸ் கட்டியிருந்துது. வழியில உருகி, மறுக்கா ஒறைய வெச்ச சரக்கு. அந்த மாதிரிச் சரக்கத்தான் போன மாசம் இதுங்க தின்னுட்டுப் படுத்திருக்கும். இன்னொண்ணச் சல்லடையில வெச்சு உருக உட்டேன். கால்வாசி தண்ணி. கறி வெலைக்குத் தண்ணி விக்கறாங்க. இருபத்திரண்டு வருசமாக் கறிக்கடையில நின்னு வாங்கறவளுக்கு இது தெரியாதுங்ளா? மூணாவதுதான் நல்ல சரக்கு. கவருலயே தேதி, எலும்பு எவ்வளவு, ஈரல் எவ்வளவுன்னு எல்லாம் போட்டிருக்குது. ரெண்டு நாளா ஒரு நாய்க்கு வெச்சும் பாத்தாச்சு. அது சொன்னாத்தானுங்களே முடிவு."

"வேலைக்கு ஆள் எடுத்தாச்சு" என்றார் டீச்சர். "தங்கமணிதான். நாளையிலிருந்து."

கருணாகரனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வேலை அவருக்கு இல்லை. ஆனால் வேலை வீட்டுக்குள்தான் வந்திருக்கிறது. அப்படியானால்...

"அப்ப, சிங்காநல்லூரு?"

"சரக்க இங்க கொண்டாந்த அன்னைக்கே அண்ணங்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டனுங்க" என்றாள் தங்கமணி. "எனக்கு மட்டும் ஆசையா? எங்கண்ணி வெக்கற ரசத்தத் தெனமும் குடிக்கறதுக்கு, இந்தப் பதினாலு வாலோட மாரடிக்கலாம்."

கருணாகரன் மூச்சு விட்டார். இரண்டு மாசமாக அடக்கி வைத்திருந்த மூச்சு. காதுக்குள் சுற்றிக்கொண்டிருந்த கிரைண்டரை யாரோ அணைத்த மாதிரி இருந்தது. எங்கோ ஒரு குக்குறுவான் குருவி விடாமல் கத்தியது. இத்தனை வருஷம் அது பகலெல்லாம் கத்திக்கொண்டிருந்ததே அவருக்குத் தெரியாது.

"ஒரு வேலை மட்டும் பாக்கி" என்றார் டீச்சர். "சாப்பாடு ஒத்துக்கிச்சான்னு தெரிய, தினமும் காலையில ஆறு மணிக்குப் பதினாலும் வெளியே போனதைப் பார்த்து எழுதணும். எலும்பு ஜாஸ்தியானா வெள்ளையா, சுண்ணாம்பா இருக்கும். ஒத்துக்கலைன்னா தண்ணியா இருக்கும். நிறம், பதம், கெட்டி எல்லாம் கவனிக்கத் தெரிஞ்ச ஆளா வேணும்."

தங்கமணி புருஷனைப் பெருமையோடு பார்த்தாள்.

"இவரு இருக்காருங்களே டீச்சர். இருபத்திரண்டு வருச அனுபவம். காலையில ஆறு மணின்னா முழிச்சுத்தான் இருப்பாரு. நோட்டு, பேனா எல்லாம் சொந்தமாவே வெச்சிருக்காரு."

பீட்ரூட்டைத் தாண்டி வந்தவனுக்கு இது ஒரு பொருட்டா? கருணாகரன் நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, 'சாம்பிள் ஒன்று' என்று எழுதிக் கோடு போட்டார்.

தங்கமணி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுக்குக் கண்ணுல பாத்தாப் போதுங்க. உறிஞ்ச வேண்டாம்."