செங்கோட்டை வண்டியில் நான் பார்த்த பன்னிரண்டு குகைகள்

அம்மையார்குப்பம்,
கார்த்திகை 5

மரியாதைக்குரிய பாவா கஜபதி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் தேசப்பன் கைகூப்பி எழுதுவது. திருத்தணி முருகன் தயவில் நானும் கௌரியம்மாளும் இரண்டு தறிகளும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறோம். மணவூரில் தங்கள் முட்டிவலி தேவலையா, கமலா அக்கா சுகமா என்று தெரிவிக்கவும். போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று யோசிப்பீர்கள். முப்பது வருஷமாகப் பவர்லூம் சத்தத்துக்கு மேலே கத்தியே பேசிப் பழகிய வாய் இது. நான் போனில் ரகசியம் சொன்னால் ஆர்.கே.பேட்டை பஸ் நிலையத்தில் நிற்பவர்கள் பதில் சொல்வார்கள். அதனால்தான் எழுத்து.

முதலில் தங்களுக்கு நன்றி. ரயில்வேயில் கேங்மேனாக இருந்தபோது செங்கோட்டைப் பக்கம் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, மலையைக் குடைந்துகொண்டு ரயில் போவதையும், பாலத்தின்மேல் வளைந்து போவதையும் தாங்கள் கதை கதையாகச் சொன்னீர்கள். அன்றிலிருந்து தங்கள் தங்கைக்கு அதே நினைப்பு. கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறினால் ஊர் உலகம் முருகனைப் பார்த்துப் படி ஏறும். இவள் பாதிப் படியில் திரும்பி நின்று கீழே போகிற ரயிலைப் பார்ப்பாள். முப்பத்தொரு வருஷத்தில் என்னிடம் அவள் கேட்டது இது ஒன்றுதான். நானும் "ஆங், போலாம்" என்று சொல்லியே முப்பத்தொரு வருஷத்தை ஓட்டிவிட்டேன். தீபாவளிச் சரக்கையெல்லாம் அனுப்பிவிட்டு, நூல் வராமல் தறி சும்மா நின்ற அன்றைக்கு, "இந்த ஒரு வாட்டி கூட்டினு போங்க. அப்பால நான் எதுவுமே கேக்க மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள் பாவா, அதில்தான் பயந்துபோனேன். உடனே தங்களைப் பிடித்து டிக்கெட் எடுத்தது தங்களுக்கே தெரியும்.

எழும்பூரில் ஏறியதுமே மனசு குளிர்ந்துவிட்டது. என்ன ஏற்பாடு, என்ன வசதி. எதிர் சீட்டில் பிரபாவதி என்று ஓர் அம்மாள், பக்கத்தில் அவர் வீட்டுக்காரர், இருவரும் தென்காசிக்குப் போகிறவர்கள். அம்மாள் நல்ல நீலத்தில் புடவை கட்டியிருந்தார். கல்யாண நாளுக்கு வீட்டுக்காரர் தறிக்காரர் வீட்டுக்கே போய் வாங்கி வந்த அசல் கைத்தறி என்று பெருமையாகச் சொன்னார். நான் கௌரியின் காதோடு காதாக, "கைத்தறியும் இல்ல ஒண்ணும் இல்ல, நம்ம மாதிரி பவர்லூம்தான்" என்றேன். நான் காதோடு காதாகச் சொன்னது பெட்டியின் கடைசியில் கக்கூஸுக்குப் போய்க்கொண்டிருந்தவர் வரை எட்டி, அவர் திரும்பி வந்து தன் வேட்டியைக் காட்டி "இது எப்டிங்க?" என்று கேட்டார். அதற்கப்புறம் துண்டு, ஜமுக்காளம், ஒரு பெரியவரின் பட்டு அங்கவஸ்திரம் என்று ஒவ்வொன்றாக வந்து, நானும் தொட்டுத் தொட்டுத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே செங்கல்பட்டைத் தாண்டினேன். பிரபாவதி அம்மாள் மட்டும் என்னிடம் பேசவில்லை. வீட்டுக்காரரிடமும் பேசவில்லை. மனுஷர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

காலையில் செங்கோட்டையில் இறங்கி, குற்றாலத்தில் ஆசை தீரக் குளித்து, இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் தாங்கள் சொன்ன புனலூர் வண்டியைப் பிடித்தோம். கௌரியை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். வண்டி ஆரியங்காவு மலையை நோக்கிக் கிளம்பியது. இங்கேதான் பாவா, தங்களிடம் மட்டும் சொல்லவேண்டிய சங்கதி வருகிறது. தறி ஓடுகிற சத்தம் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். சத்தம் நின்றால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம், தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்துவிடுவேன். அந்த வண்டி மலை ஏறும்போது போடுகிற சத்தம் அச்சு அசல் என் தறிச் சத்தம். வயிற்றில் சோறு, உடம்பில் அருவித் தண்ணீர், காதில் தறி. முதல் குகை வருவதற்குள் தூங்கிப்போய்விட்டேன். ஸ்டேஷனில் வண்டி நின்றதும் துள்ளி எழுந்து பார்த்தால் கௌரியும் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஸ்டேஷனில் பார்க்க என்ன இருக்கிறது, வண்டி கிளம்பட்டும், மலை வந்ததும் எழுப்பிவிடலாம் என்று நினைத்தேன். வண்டி கிளம்பியது. நானும் கிளம்பிவிட்டேன். அடுத்த ஸ்டேஷனிலும் இதே கதை, அதற்கடுத்ததிலும் இதே. அந்த வழியில் உள்ள எல்லா ஸ்டேஷன் பெயர்ப்பலகையும் எனக்கு மனப்பாடம். நடுவில் இருக்கிற மலையைத்தான் பார்க்கவில்லை.

புனலூரில் இறங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் காத்திருந்தவளைத் தூங்கவிட்டுக் கூட்டிவந்திருக்கிறேன். திரும்புகிற டிக்கெட்டோ கொல்லத்திலிருந்து காட்பாடி வழியாக அரக்கோணத்துக்கு, இந்த மலைப்பக்கமே வராது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "நீ அசந்து தூங்கின, எழுப்ப மனசு வரல. ஆனா உனக்கும் சேத்து நானே பாத்துட்டேன்" என்று ஆரம்பித்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தாங்கள் சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்து அவிழ்த்துவிட்டேன். பச்சைப் பாவு நூலில் வெள்ளை இழை ஓடியமாதிரி அருவி என்றேன். குகைக்குள் இருட்டில் பிள்ளைகள் ஓ என்று கத்தியதைச் சொன்னேன். பாலத்தில் வண்டி வளைந்தபோது நம் பெட்டியிலிருந்தே இன்ஜின் தெரிந்தது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே நேரில் பார்த்தமாதிரி ஆகிவிட்டது. தாடையில் கை வைத்துக்கொண்டு கேட்டவள், "மொத்தம் எத்தினி குகைங்க?" என்றாள். பன்னிரண்டு என்று சொல்லிவிட்டேன்.

வந்த நாளாய்த் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே தினம் ஒரு கேள்வி கேட்கிறாள். தெருவெல்லாம் சொல்லி வேறு வைத்திருக்கிறாள். ஆகையால் குகை மொத்தம் எத்தனை, அருவி எந்தப் பக்கம், பாலத்துக்கு முன்னாலா பின்னாலா என்று விவரமாக உடனே எழுதவும். நேரில் வரும்போது அவள் கேட்டால், மச்சான் சொன்னதெல்லாம் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிக் காப்பாற்றவும். இந்தக் கவரைக் கௌரியிடமே கொடுத்து, நாளைக் கிருத்திகைக்குப் போகும்போது திருத்தணி தபால் பெட்டியில் போடச் சொல்லப் போகிறேன். பிறத்தியார் கடுதாசியைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பெரியவர்கள் இருவருக்கும் எங்கள் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசி. தணிகைநாதன் எல்லோருக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மச்சான்,
தேசப்பன்

பின்குறிப்பு:

அண்ணா, இது கௌரி எழுதுறது. கவர் சரியா ஒட்டல, அதனால பிரிச்சேன். நான் ஒரு நிமிஷம்கூடத் தூங்கல. அவர் தறியிலேயே கண்ணயர்ந்தா இழை அறுந்துடாம பாத்துகினு இருக்கிறது நான்தானே, சத்தத்துல எனக்கு எப்படித் தூக்கம் வரும்? மலை, பாலம், குகை எல்லாத்தையும் கண்ணாரப் பாத்தேன். நீ சொன்னதைவிட நல்லா இருக்குது. வண்டி நிக்கிறப்போல்லாம் அவர் துள்ளி எழுந்தாரு. நான் முழிச்சிருக்கிறதைப் பாத்தா, தான் தூங்கிட்டோமேன்னு மனசு ஒடிஞ்சிடுவாரு, அதுக்காவ நான் கண்ணை மூடிகினேன். பெஞ்சில உக்காந்து அவர் சொன்னாரே, அப்படி ஒருநாளும் அவர் என்கிட்ட அவ்ளோ நேரம் பேசினதில்ல. மலையைவிட அதுதான் எனக்குப் பிடிச்சிருந்தது. தினமும் எதையாவது கேட்டுகினே இருக்கிறேன், அவரும் தறியை நிறுத்திட்டு வந்து சொல்றாரு. குகை எத்தினின்னு நான் எண்ணி வெச்சிருக்கிறேன். நீ பன்னிரண்டுன்னே எழுதிப் போடு.