எல்லா நாளும் தேசப்பன் செட்டு

ஒரு வேலையைக் கவனிக்க ஆள் வைத்த பிறகு, அந்த ஆள் ஒழுங்காகக் கவனிக்கிறாரா என்று பார்க்க இன்னொரு ஆள் வேண்டுமா, வேண்டாமா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. (குழந்தை தூங்குகிறதா என்று எட்டிப் பார்த்தே அதை எழுப்பிவிடுகிற தாய் நான்.)

பழவேற்காடு ஏரியில் முகத்துவாரத்துப் பக்கம் இறால் நிறைய விழும் இடங்கள் கொஞ்சம்தான். எந்தச் செட்டு, அதாவது எந்த மீனவர் குழு, என்றைக்கு அங்கே வலை கட்டலாம் என்று எங்கள் ஊரில் சீட்டு எடுத்து முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அந்த அட்டவணையைக் கைப்பேசியில் பார்க்கிற மாதிரி செய்து தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். கணினி படித்தவள் சும்மா இருக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

கோப்பைத் திருத்திச் சேமித்ததும் பக்கத்தைத் தானே புதிதாக எழுதிக் காட்டும் கருவி ஒன்று உண்டு. அது கோப்புகளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அது கோட்டை விட்டுவிட்டால்? அந்தப் பயத்தில், பக்கம் கலைந்தால் உடனே சரிசெய்ய இன்னொரு காவல் நிரலை நானே எழுதி ஓடவிட்டேன். பிறகு மறந்தும் போனேன். அது சரிசெய்ய எடுத்துக்கொண்டது என் பழைய மாதிரி அட்டவணையை. அதில் எல்லா நாளும் என் கணவர் தேசப்பனின் பெயர்தான். (மடியில் குழந்தை. ஒற்றைக் கையால் வேறு எத்தனை பெயர் அடிப்பது?)

அன்று மாலை ஊர்க் கூடத்தில் சீட்டு எடுத்து முடித்தார்கள். மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்து, புது அட்டவணையைச் சேமித்தேன். ‘நாளை: ஏழுமலை செட்டு’ என்று வந்தது. எல்லோரும் தலையாட்டுவதற்குள் ‘நாளை: தேசப்பன் செட்டு’ ஆனது. மறுபடி ஏழுமலை. மறுபடி தேசப்பன்.

“இன்னாம்மா, நான் இருக்கறனா, போறனா?” என்றார் ஏழுமலை மாமா.

“ஒயர் லூசா இருக்கும் மாமா.”

“ஒயருக்கு ஒம் புருசன் பேரு எப்பிடிம்மா தெரியும்?”

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. என் கணவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் குனிந்து, “எதனா பண்ணு. நாளைக்கு இவங்க மூஞ்சிலதான் நான் முழிக்கணும்” என்றார்.

மறுபடி சேமித்தேன். பெயர்கள் இன்னும் வேகமாக மாறின. அப்போதுதான் உறைத்தது. கருவி பக்கத்தை எழுத, என் காவல் நிரல் அதைத் ‘திருத்த’, பக்கம் மாறிவிட்டதே என்று கருவி மீண்டும் எழுத, இரண்டும் கடமை தவறாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒன்றை நிறுத்த வேண்டும். திரையில் ஒவ்வொன்றும் ஓடுவதற்கு ஒன்றாக இரண்டு கருப்புச் சதுரங்கள். எது எது? இது, இல்லை அது, இல்லை இதுதான் என்று ஒன்றை மூடினேன்.

ஆட்டம் நின்றது. நாளை தேசப்பன் செட்டு. மறுநாள் தேசப்பன் செட்டு. கடைசி வரி வரைக்கும் தேசப்பன் செட்டு.

“மாசம் பூரா நீயே கட்டு தேசப்பா. நாங்க பொன்னேரில இட்லிக் கடை வெச்சிக்கிறோம்” என்றார் மாமா.

குழந்தையைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். சரியாகும் வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவு. நான் எழுதிய நிரலை நிறுத்தி, அழித்தேன். மாதிரி அட்டவணையையும் அழித்தேன். கருவியை மட்டும் மறுபடி ஓடவிட்டேன். ‘நாளை: ஏழுமலை செட்டு’ என்று வந்து அப்படியே நின்றது. சீட்டுகளை வாங்கி, ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்து ஒப்பிட்டேன்.

“இன்னொரு தபா படி” என்றார் மாமா. படித்தேன். மறுநாள் அவர்தான் வலை கட்டினார்.

இப்போது ஊரே அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறது. ஆனால் எங்கள் செட்டின் முறை வரும்போதெல்லாம் மாமா படகிலிருந்தே கேட்பார்: “தேசப்பா, இது ஊரு குட்த்த பாடா, ஒம் பொண்டாட்டி குட்த்ததா?” என் மாமியார்கூட இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

நாளைக்கு உண்மையாகவே எங்கள் முறை. நான்கு தடவை சரிபார்த்துவிட்டேன். இவர் இப்போதே வலையோடு வாசலில் நிற்கிறார். நமக்குச் சாதகமாக வந்த உண்மையை எந்த முகத்தோடு ஊருக்குச் சொல்வது? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.