பூட்டு சார் திறந்த ஜன்னல்

தாம்பரம் தொடங்கி கிண்டி வரை உள்ள அத்தனை சாஃப்ட்வேர் கம்பெனிகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், எங்கள் பூட்டு சாரைப் போல சக மனிதரைச் சந்தேகித்த ஒருவர் அகப்படமாட்டார். டிபன் பாக்ஸுக்குப் பூட்டு. நாற்காலிக்கு சைக்கிள் செயின். பாத்ரூம் போவதென்றால் மவுஸைக் கழற்றி டிராயரில் பூட்டிவிட்டுத்தான் போவார்.

இரும்புலியூரில் ஒரு பேக்கரி மாடியில் எங்கள் ஆபீஸ். பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் ஆப்தான் எங்கள் பிழைப்பு. அதன் பழைய பாதி ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் பூட்டு சார் எழுதியது. புதிய பாதி ஸ்விஃப்ட் மொழியில் நான் எழுதியது. அன்று மூன்று மணிக்கு அனகாபுத்தூர் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை, தங்கள் வேன் ஒன்றில் சோதனைக்குப் போட்டிருந்த ஆப்பைப் பார்க்க வருகிறார். மதியம் ஆகியும் என் மேப்பில் வேனையே காணோம்! வேன் நிற்கும் இடத்தை சார் தன் புரோகிராமில் ‘கிளாஸ்’ என்னும் பகுதிக்குள், வேறு ஃபைல் எதுவும் பார்க்க முடியாதபடி பிரைவேட்டாக வைத்திருந்தார். என் ஃபைலோ, அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்று சாதித்தது.

“பப்ளிக் ஆக்கிடுங்க சார், ஒரு நிமிஷ வேலை,” என்றார் மேனேஜர் ஸ்டெல்லா மேடம்.

“போன வருஷம் ஆக்கினோமே மேடம்! யாரோ வேற ஃபைல்லேர்ந்து அதுல கை வெச்சு, வேன் பள்ளிக்கரணை சதுப்புல நடுத்தண்ணியில நின்னுச்சு. ஒரு அம்மா போன்ல அழுதாங்க.”

இப்படிச் சொல்லிவிட்டு சார் விட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டரைக்கு என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, உனக்கு அந்த இடத்தைப் பாக்கணுமா, மாத்தணுமா?”

“பாத்தா போதும் சார்.”

“அதைக் காலையிலேயே சொல்றதுக்கென்ன?”

சார் எழுதியது இரண்டே வரி. மற்றவர்கள் பார்க்கும் ஹெடர் ஃபைலில் ‘படிக்க மட்டும்’ என்று ஒன்று. மாற்றும் உரிமையைத் தன் ஃபைலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இன்னொன்று. மேப்பில் வேனைக் காட்டும் மஞ்சள் புள்ளி துள்ளி எழுந்தது. வேண்டுமென்றே என் ஃபைலிலிருந்து அந்த இடத்தை மாற்றிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் பிழை காட்டி என்னை விரட்டியது. சார் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன்.

மூன்று மணிக்கு வந்த தலைமையாசிரியை லேசில் நம்புகிறவர் இல்லை. ஸ்பீக்கரில் போட்டு டிரைவரையே கூப்பிட்டார். “எங்கப்பா இருக்க?”

“பம்மல் சிக்னலாண்ட நின்னுகினு கீறேன் மேடம்!”

புள்ளியும் பம்மல் சிக்னலில்தான் நின்றது.

“எங்க எல்லா வேனுக்கும் இதையே போட்டுடுங்க,” என்றார் அவர். நாங்கள் போட்ட கூச்சலில் கீழே பேக்கரிக்காரர் மாடிப்படியேறி ஓடி வந்தார்.

போட்டோ எடுக்கும்போது சார் ஓரமாக நழுவினார். கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினேன். படத்தில் எல்லோரும் அழகாக இருக்கிறோம். அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு கம்பெனி மூன்று மாறிவிட்டேன். என் மேஜையில் இருப்பது அந்தப் படம்தான்.