நாலு மூக்குக்கு ஒரு பெட்டி

முதல் போர் விமானத்தின் மூக்கிலிருந்து ராடார் பெட்டியை உருவிக்கொண்டிருந்தபோது ஃபோர்மேனின் சட்டைப்பையில் போன் அலறியது. மனைவி.

"பொண்ணைப் பிரசவ வார்டுக்குள்ள கொண்டு போயிட்டாங்க. அப்பா எங்கன்னு கேக்கறா. நீங்க அங்க ஏரோப்ளேனுக்குப் பிரசவம் பாத்துட்டு இருங்க!"

"நாலு தேறினா லீவுன்னு தளபதி சொல்லியிருக்கார்மா. மதியம் பஸ் ஏறிடுவேன்."

அந்தத் தளத்தில் மொத்தம் பன்னிரண்டு விமானங்கள். எட்டு, மற்ற நாலுக்கு உறுப்பு தானம் செய்துவிட்டு எலும்பும் தோலுமாக நின்றன. தானம் வாங்கிய நாலுக்கும் ராடார் பெட்டி இல்லை. எட்டு மாதம் கடிதம் எழுதிய பிறகு, நேற்றுதான் தலைமையகத்திலிருந்து லாரியில் ஒரே ஒரு பெட்டி வந்தது. புத்தம் புதுசு என்று ரசீது சொன்னது. திருகுகளின் தலையெல்லாம் மழுங்கியிருந்தது. கொண்டுவந்த டிரைவர் ஏனோ திரும்பிப் போகாமல், லாரிக்கடியில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இன்று மேலதிகாரி பார்வையிட வந்திருந்தார். ஏணியில் ஏறுவார், திரை எரிகிறதா என்று பார்ப்பார், டிக் போடுவார். முதல் விமானம் தேறிவிட்டது. பெட்டி இரண்டாவதுக்கு மாறும்வரை தளபதி அவருக்கு டீ கொடுத்து நிறுத்திவைத்திருந்தார்.

"அண்ணே, ஒரு திருகு உள்ள விழுந்துருச்சு" என்றான் உதவி மெக்கானிக் சுருட்டை.

"விழட்டும். மிச்சம் மூணு திருகுல நிக்கும். தூக்கிட்டு ஓடு!"

இரண்டாவது தேறியது. மூன்றாவதுக்காகத் தளபதி குரூப் போட்டோ எடுத்தார். அவசரத்தில் ஒயர் அறுந்தது, டேப் சுற்றினார்கள். அதிகாரி பெட்டியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"ஏன்யா இப்படிக் கொதிக்குது?"

"காலையிலேர்ந்து ஓய்வே இல்ல சார்" என்றார் ஃபோர்மேன். அன்று அவர் சொன்ன ஒரே உண்மை.

நாலாவதுக்காகத் தளபதி, தளத்தின் வரலாற்றை அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து சொன்னார். திரை இருமி இருமி எரிந்தது. டிக்.

ஃபோர்மேன் பையைத் தோளில் மாட்டினார்.

"போன தளத்துலயும் நாலுக்கு நாலு, இங்கயும் நாலுக்கு நாலு. நம்ம படைக்கு என்னய்யா குறை?" அதிகாரி பேனாவை மூடிச் சட்டையில் செருகினார். "சாயங்காலம் அடுத்த தளத்துக்குக் கிளம்பறேன். அதுக்கு முன்னாடி நாலும் சேர்ந்து ஒரு சுத்து பறக்கட்டும். கண் குளிரப் பாக்கணும்."

தளபதி ஃபோர்மேனின் தோளிலிருந்து பையை மெதுவாகக் கழற்றினார். "பறந்தா லீவு."

ஃபோர்மேன் நாலாவது விமானத்தின் டயரில் போய் உட்கார்ந்தார். எழுந்திருப்பதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. போன் அடித்தது.

"இன்னும் ரெண்டு மணி நேரம்ங்கறாங்க. கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பிட்டே இருக்கேன்."

சுருட்டை தலையைச் சொறிந்தான். "அண்ணே, முன்னாடி போற வண்டிக்கு மட்டும் பெட்டி போதாதா? மத்த மூணும் அதோட வாலைப் பாத்துக்கிட்டே போகட்டும்."

விமானிகளைக் கேட்டார்கள். "பட்டப்பகல்தானே? கண்ணு தெரியுது, போறோம்" என்றார்கள்.

ஃபோர்மேன் பாய்ந்து எழுந்தார். பெட்டி மறுபடி முதல் விமானத்தின் மூக்குக்குள் போனது. திரை எரிந்தது. நாலு இன்ஜின்களும் உறுமக் காத்திருந்தன. அவர் பையைத் தேடி எடுத்தார், பஸ்ஸுக்குச் சில்லறையைச் சட்டைப்பையில் போட்டார், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விமானத்துக்கு முத்தம் கொடுத்தார்.

பின்னால் கொட்டாவிச் சத்தம். லாரி டிரைவர், தோளில் துண்டும் கையில் காலி மரப்பெட்டியுமாக நின்றிருந்தார்.

"டிக் போட்டு முடிச்சாச்சுல்லண்ணே? சட்டுனு கழட்டிக் குடுங்க, ஐயா போய் இறங்கறதுக்குள்ள அடுத்த தளத்துல மாட்டியாகணும். படைக்கே இருக்கறது இது ஒண்ணுதான்."